முப்பத்தேழு இடைவெளி

அண்ணனின் வரைபட அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. கணக்கு என்றால் மேஜைமேல் இருக்கும் கால்குலேட்டரில்தான் போட வேண்டும். வரையும் மென்பொருளுக்குள்ளேயே ஒரு கால்குலேட்டர் இருக்கிறதே, அதைத் தொட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

தங்கை தொட்டாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அலுவலகத்தில் அவள் விரலும் சொன்ன பேச்சு கேட்காது.

இருபதாயிரம் மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு மாடிக் கைப்பிடி. கம்பிகளுக்கு நடுவே முப்பத்தேழு சம இடைவெளி. வரைந்துகொண்டிருந்த கோட்டைப் பாதியில் விடாமலே அங்கேயே வகுத்தாள். விடையை மென்பொருள் அப்படியே வாங்கிக்கொண்டு கம்பிகளை நிறுத்தியது.

அண்ணன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "ஒவ்வொண்ணும் ஐந்நூத்து நாப்பத்தொண்ணுன்னு காட்டுது. முப்பத்தேழால பெருக்கிப் பாரு, பதினேழு மில்லி கூட வருது! இதைத்தான் தலையில தூக்கி வெச்சு ஆடறியா?"

"உள்ள ஐந்நூத்து நாப்பது புள்ளி அஞ்சு நாலுன்னு சரியாத்தான் இருக்கு. திரைதான் முழு எண்ணாக்கிக் காட்டுது அண்ணா."

"வெல்டர் உன் திரையைப் பாத்தா வேலை செய்யறான்? தாளைப் பாத்துத்தான் டேப்பை வைப்பான். கடைசி இடைவெளியில மட்டும் அந்தப் பதினேழைக் கழிச்சு, திரை காட்டற எண்ணுக்குப் பதிலா ஐந்நூத்து இருபத்துநாலுன்னு அடிச்சு எழுது. நாம எப்பவும் அப்படித்தான்."

"எழுத மாட்டேன்."

பிரிண்டர் பக்கம் நின்ற அண்ணி, "ஆரம்பிச்சாச்சா?" என்றாள்.

"எழுதலைன்னா எழுந்திரு. நானே எழுதிக்கறேன்."

வரைபடத்தின் மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் இருந்தது அவள் பெயர். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு, கடைசியில் மட்டும் இடுங்கிப்போன ஒரு கைப்பிடி ஊர் பார்க்க நிற்க வேண்டுமாம்!

அவள் எழவில்லை. இடைவெளி அளவுகளைப் பூராவும் அழித்தாள். ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு கம்பிக்கும் மொத்தத் தூரத்தை எழுதினாள். ஐந்நூற்று நாற்பத்தொன்று, ஆயிரத்து எண்பத்தொன்று, ஆயிரத்து அறுநூற்று இருபத்திரண்டு என்று போய்க் கடைசியில் பிசகாமல் இருபதாயிரத்தில் முடிந்தது.

"டேப்பை ஒரே தடவை நீட்டி வெச்சு எல்லாக் கம்பிக்கும் குறி போட்டுக்கலாம். மிச்சம் மீதி சேர்ந்துக்கிட்டே போகாது."

"இப்படி ஒரு வரைபடம் இந்த ஆபீஸ்லேர்ந்து போனதே இல்ல."

"இன்னைக்குப் போகுது."

"சரிபார்த்தவர்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வேண்டாம். அந்தக் கட்டம் காலியாவே போகட்டும். யார் கேட்டாலும், அண்ணனுக்குச் சம்மதம் இல்ல, வரைஞ்சவ நான்தான்னு சொல்லிக்கறேன்." அச்சிடச் சொல்லித் தட்டினாள்.

பிரிண்டர் உறுமியது. அண்ணன் அதை நிறுத்த விறுவிறுவென்று நடந்தார். வழியில் அண்ணி நின்றாள்.

"தள்ளு."

அண்ணி தள்ளவில்லை. தாள் முழுசாக வெளியே வரும்வரை தள்ளவே இல்லை.