கடைசி என்று ஒரு கோப்பு

சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: ஆறு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு மாயாஜால நாவல் எழுதிய தம்பி, அந்த நாவலை விளம்பரத்துக்காகப் பன்னிரண்டு வலைப்பதிவுகளில், நாளுக்கு ஒன்றாக, ஊர்வலம் விட்டுக்கொண்டிருந்த அக்கா, மேசை தன்னுடையது என்பதால் எழுந்து போகாத அக்காவின் புருஷன். நாலாவதாக, ஸ்பீக்கரில் பதிப்பகத்து அம்மா.

மணி காலை பதினொன்று இருபது. ஏழாம் நாள் பதிவு பன்னிரண்டுக்கு. அதை எழுதுகிறவளுக்கு வாசகர்கள் வைத்த பெயர் கத்திரி. அவள் விடியற்காலை அனுப்பிய மெயிலை அப்போதுதான் திறந்திருந்தார்கள். 'பதிவு தயார். பன்னிரண்டுக்குத் தானாக வெளியாகும். கடைசி அத்தியாயத்தை நம்பிக் கொடுத்ததற்கு நன்றி. வரைபடக்காரன்தான் துரோகி என்பதை அக்குவேறு ஆணிவேறாக அலசியிருக்கிறேன்.'

"கடைசி அத்தியாயம் அவகிட்ட எப்படிப் போச்சு?" என்றது போன். "துரோகி யாருன்னு தெரிஞ்சிட்டா அப்புறம் எவன் புத்தகத்த வாங்குவான்? ரெண்டாம் பாகம் போடலாம்னு முதலாளிகிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்கறது?"

"திருடியிருக்கா," என்றான் தம்பி. "பதிவு வரட்டும். திருடின்னு ஊர் முழுக்கச் சொல்றேன்."

"எப்படிடா திருடுவா? ஜன்னல் வழியாவா?"

"அத்தான், நீங்க சும்மா இருங்க."

அக்கா அந்த மெயிலை மூடினாள். கத்திரிக்குப் போகவேண்டியது மூன்றாம் அத்தியாயம். தம்பி அதைத் திருத்தித் திருத்தி 'மூன்று', 'மூன்று புதுசு', 'மூன்று கடைசி' என்று சேமித்திருந்தான். "கடைசின்னு இருக்கறத அனுப்புக்கா" என்றான். 'கடைசி' என்று மட்டும் தனியாக ஒரு கோப்பு இருந்தது. அவள் அதை அனுப்பிவிட்டாள்.

"போன அணைச்சு வச்சிருக்கா," என்று எழுந்தாள். "புத்தகம் அச்சானதும் அனுப்பறதுக்கு வாங்கின விலாசம் இருக்கு. நேர்ல போறேன்."

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடியில் கதவைத் தட்டும்போது மணி பதினொன்று நாற்பத்தாறு. உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். தலை கலைந்த ஒருத்தி திறந்தாள்.

"ராத்திரி பூரா லேப்ல நின்னுட்டு இப்பதான் படுத்தேன். யாரு?"

"நாவலுக்கு மெயில் அனுப்பறவ. எழுதினவனோட அக்கா."

"ஓ, வரிக்கு வரி சிரிச்ச மூஞ்சி போடுவீங்களே, நீங்களா? வாங்க."

"அந்தப் பதிவ எடுத்துடுங்க, கெஞ்சிக் கேக்கறேன். தப்பான கோப்பு வந்துடுச்சு."

"வந்துடுச்சா? தானா நடந்து வந்துச்சா?"

"நான்தான் அனுப்பினேன்."

கத்திரி போனை முடுக்கிவிட்டு, மடிக்கணினியைத் திறந்தாள். போன் உயிர் வந்ததும் துள்ளியது. வந்திருந்த செய்தியைப் படித்துவிட்டு அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். 'திருடி. பன்னிரண்டு ஒண்ணுக்கு உன் பேரு நாறும்.'

"உங்க தம்பிதானே? யார் அனுப்பினதுன்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"நீங்க சொல்லல."

"சொல்லல."

மணி பதினொன்று ஐம்பத்து மூன்று. கத்திரி மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினாள். "பதிவ எடுத்துடறேன். ஆனா என் நாள் காலியா இருக்கக் கூடாது. என்ன நடந்ததுன்னு நீங்களே எழுதுங்க."

"வீட்ல போய் அவன்கிட்டச் சொல்லிடறேனே."

"பன்னிரண்டுக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிடுவீங்களா?"

அக்கா அடித்தாள்: 'இன்று பதிவு இல்லை. கோப்பு மாறிவிட்டது.'

"மாறிடுச்சு இல்ல. மாத்திட்டேன்னு போடுங்க. யாருன்னும் போடுங்க."

மணி ஐம்பத்தெட்டு. அக்கா அழித்துவிட்டு மறுபடி அடித்தாள்: 'நாவலாசிரியரின் அக்காவாகிய நான், கடைசி அத்தியாயத்தைத் தவறுதலாக அனுப்பிவிட்டேன். இவர் எதையும் திருடவில்லை.'

கத்திரி தன் பதிவை அழித்தாள். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதியது. அழித்த இடத்தில் அக்காவின் இரண்டு வரிகளை ஏற்றினாள். திரையில் பன்னிரண்டு ஆனது. துரோகி யாரென்று உலகத்துக்குத் தெரியவில்லை.

அக்காவின் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. தம்பி. பத்து எண்ணுவதற்குள் நின்று, மறுபடி அதிர்ந்தது.

"இங்கயே உக்காந்து பேசிக்கட்டுமா?"

"நான் தூங்கணும்," என்றாள் கத்திரி. "வெளிய போய்ப் பேசுங்க."

அக்கா படிக்கட்டில் கால் வைத்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது, பூட்டு இரண்டு சுற்று சுற்றியது.