வழி தெரிந்தவன்

முந்திரிக்கொட்டைப் பால் பட்டுத் தோல் உரிந்த விரல்கள் காந்தின. விடிந்ததிலிருந்து வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டித் தட்டி மருதாயிக்கு இடுப்பே கழன்றுவிடும்போல இருந்தது. ஆனாலும் அவள் காது மட்டும் கொட்டகையின் அந்தப் பக்கமே கிடந்தது.

அங்கே கொழுந்தன் கோபிநாத்தும் அவன் கூட்டாளி அறிவுமதியும் பாயில் உட்கார்ந்து மலைப்பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கந்தர்வக்கோட்டையில் கிளம்பி சிம்லா. அங்கிருந்து, வெள்ளைக்காரன் காலத்தில் திபெத்துக்கென்று வெட்டிய பழைய ரோட்டில் நாக்கோ வரைக்கும். இருபத்திரண்டு நாள். வேன் அறிவுமதியுடையது. வழிகாட்டி கோபிநாத்.

மூன்று வருசத்துக்கு முன் அந்த ரோட்டு வேலைக்குப் பாறை துளைக்கப் போன அவள் புருசன் ஆண்டியப்பன், கல் உருண்டு நாக்கோவில் செத்தான். உடலைக் கொண்டுவர வழியில்லை. கோபிநாத்தான் போய் அண்ணனுக்குக் கொள்ளி வைத்து, சாம்பலைக் கலயத்தில் கொண்டுவந்தான். கோடியக்கரையில் கரைத்தார்கள். அநாதைப் பிணமாகப் போகவில்லை என்ற ஒரே ஆறுதலில்தான் இத்தனை நாளும் அவளுக்குச் சோறு இறங்கியது.

“ராம்பூர் தாண்டி டீசல் எங்கடா போடுறது?” என்றான் அறிவுமதி.

“அதெல்லாம் வழியில கெடைக்கும்.”

“எந்த ஊர்ல?”

“போன்ல பாருடா. சும்மா நைநைங்காத.”

“போய்ட்டு வந்த ஆளு நீதான? பஸ்ஸுல தூங்கிக்கிட்டே போனியாக்கும்!” அறிவுமதி சிரித்தான். கோபிநாத் சிரிக்கவில்லை.

மருதாயியின் கட்டை நின்றது. நேற்று ரோடு அகலமா என்று அறிவுமதி கேட்டதற்கும் இவன் இப்படித்தான் நழுவினான்.

“இந்தா பாருங்கக்கா, இதான் நாக்கோ” என்று அறிவுமதி போனை அவளிடம் நீட்டினான். மொட்டை மலையின் மேலே கல்வீடுகள். எங்கோ அடியில் நூலாக ஓர் ஆறு. அவள் கோபிநாத்தின் பக்கம் திரும்பினாள்.

“ஏந்தம்பி, ஆத்தங்கரையில வச்சு எரிச்சோம்னு சொன்னீங்க. ஆறு அம்புட்டுக் கீழயில்ல ஓடுது?”

“கீழ எறக்கித்தான் மதினி...”

“எதுல எறக்குனீங்க?”

“தோள்லதான். நாலு பேரு.”

“அன்னைக்கு லாரியிலன்னீங்க.”

அறிவுமதி வண்டிக்குத் தண்ணீர் பார்க்க வேண்டுமென்று எழுந்து போய்விட்டான்.

“நீ நாக்கோவுக்குப் போனியா, போகலையா? அத மட்டும் சொல்லு.”

கோபிநாத் பாயின் கோரையைப் பிய்த்தான். “ராம்பூர்கிட்ட ரோடு சரிஞ்சு போச்சு மதினி. நாலு நாள் அங்கயே கெடந்தேன். வேலை பாத்த எடத்துக்காரங்களே எரிச்சுட்டதா போன் வந்துச்சு. வெறுங்கையோட வந்தா ஒங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

“அப்ப அந்தச் சாம்பல்?”

“டீக்கடை அடுப்புல அள்ளுனது.”

அவள் அடித்த அடியில் கொட்டை பருப்போடு நொறுங்கிச் சிதறியது.

“இப்ப மட்டும் எதுக்குப் போற? அண்ணனுக்காகவா, ஊரு பாக்கவா?”

“வரலைன்னு சொன்னா அறிவுமதி ஏன்னு நோண்டுவான்...”

அதையும் அவள் நம்பவில்லை.

“வேன்ல எனக்கு ஒரு சீட்டு போடு. வழி தெரியாத ரெண்டு பேரும் சேந்தே போவோம்.”

“குளிரு தாங்காது மதினி.”

“அவரு தாங்குனாருல்ல.”

சிதறிய பருப்பை அவள் பொறுக்கத் தொடங்கினாள். ஆண்டியப்பனின் வாயில் யாரும் அரிசி போடவில்லை. அந்த ஒரு பிடி வாய்க்கரிசி அவனுக்கு இன்னும் பாக்கி.