ஆறரை அடி வாசல்

லூர்துராஜ் டேப்பை மறுபடியும் பிடித்துப் பார்த்தார். ஐந்தடி. ஒரு விரல்கூட ஏறவில்லை.

"இது செல்லாது முதலாளி. தீப்பிடிச்சா வெளியேறுற பின்வாசல் ஆறரை அடி உயரம் இருக்கணும். இந்த மர நிலையைப் பேத்துட்டு வேற வைங்க. அப்புறம்தான் கையெழுத்து."

திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே புதிதாக எழுந்திருந்த கழிவுப் பஞ்சுக் கொட்டகை அது. ஓவர்சியர் லூர்துராஜின் சான்று இல்லாமல் மெஷின் ஓடாது.

முதலாளி வெள்ளைத்துரை தலையை ஆட்டினார்.

"இது எங்க கீழக்குயில்குடி வீட்டு நிலை சார். எங்க தாத்தா காலத்துல இருந்து குனிஞ்சுதான் போவோம். ராசியான நிலைன்னு வண்டியில ஏத்திக் கொண்டாந்து, அடியில பொன் வச்சு, பூசை போட்டு நிப்பாட்டியிருக்கேன். வச்ச நிலையைப் பேத்தா குடும்பம் வெளங்குமா? நீங்க வேதக்காரரு, ஒங்களுக்குத் தெரியாது."

"வேதக்காரனுக்கும் தலை இடிக்கும்ல?"

வேலைக்குக் காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் எல்லோரையும்விட உயரமானவள் சீனியம்மாள். "நான் போனா நிலைதான் சார் ஒடையும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எப்படியாச்சும் போட்டு விடுங்க சார். மழை இல்ல, வயக்காட்டுல வேலை இல்ல. இதுவும் ஓடலைன்னா நாங்க எங்க போவோம்?"

முப்பது பேர் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யோசனையைச் சொன்னது லூர்துராஜேதான்.

"நிலையைத் தொட வேணாம். தரையைத் தோண்டிருவோம்."

கொட்டகைத் தரை வெளியே இருக்கும் மண்ணைவிட ஒன்றரை அடி உயரம். அடிக்கட்டை இல்லாத நிலை அது; அதன் இரண்டு கால்களுக்கு நடுவிலும், உள்பக்கம் மூன்றடி நீளத்துக்கும் தரையை வெட்டி இறக்கினால், வெளியே உள்ள மட்டத்துக்கு வந்துவிடும். அங்கிருந்து மேல்கட்டைக்குக் கணக்காக ஆறரை அடி.

"இம்புட்டு மூளையை வச்சுக்கிட்டா சார் என்னைய அலைய விட்டீங்க!" என்று வெள்ளைத்துரை கையைப் பிடித்துக்கொண்டார்.

நான்கே நாளில் பள்ளம் வெட்டிச் சிமெண்டும் பூசியாயிற்று. லூர்துராஜ் அளந்தார், கையெழுத்துப் போட்டார். சீனியம்மாள் பள்ளத்தில் இறங்கி நிமிர்ந்தபடியே வெளியே நடந்து காட்டினாள்.

மாசி மாதம், சாப்பாட்டு நேரம் முடிந்த வேளை. பஞ்சு அடிக்கும் மெஷினிலிருந்து ஒரு பொறி தெறித்தது. முன்பக்கம் முழுக்க நெருப்பு. கரும்புகை கண்ணை மறைக்க, பெண்கள் பின்வாசலுக்கு ஓடினார்கள். கதவு திறந்துதான் இருந்தது. முதலில் ஓடிய சீனியம்மாளின் கால் பள்ளத்தில் இறங்கியது. விழுந்தாள். அவள்மேல் அடுத்தவள், அவள்மேல் இன்னொருத்தி. மேலே விழுந்தவர்களை வெளியே இழுத்துப் போட்டார்கள். அடியில் கிடந்த ஏழு பேர் எழுந்திருக்கவே இல்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி கரி படிந்த வாசலை அளந்தார்.

"ஆறரை அடி. கதவுல பூட்டும் இல்ல. ஒங்க மேல தப்பே இல்லய்யா லூர்துராஜ்."

"சார், அந்தப் பள்ளம்..."

"பள்ளத்தைப் பத்தி ஃபாரத்துல எங்கய்யா கேட்டிருக்கு?"

"தோண்டச் சொன்னவன் நான். அதையும் எழுதிக்குங்க சார்."

அதிகாரி பேனாவை மூடினார். "பிள்ளைகுட்டிக்காரரு. வீட்டுக்குப் போங்க."

வெளியே வேப்பமரத்தடியில் சீனியம்மாளின் புருஷன் காளை உட்கார்ந்திருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்தான். லூர்துராஜ் அவனிடமாவது சொல்லிவிட நினைத்தார்.

"காளை, அந்தப் பள்ளத்தை வெட்டச் சொன்னது நான்தான்ப்பா."

"தெரியும் சார். தலை இடிக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? அவளுக்கு எப்பவும் அவசரம். பாத்து இறங்கியிருக்கலாம்." துண்டால் முகத்தைத் துடைத்தான். "திரும்பக் கூரை போடப் போறாங்களாம். அம்புட்டுத் தீயிலயும் நிலைக்கு ஒண்ணும் ஆகலைன்னு முதலாளி அதுக்குத் தேங்காய் ஒடைச்சாரு. அளவும் சரின்னு ஆபீசரே சொல்லிட்டாரு. எம் மக முத்துத்தாயைச் சேத்துக்கச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் சார்."

"வேணாம் காளை. அங்க அனுப்பாத."

"பின்ன எங்க சார் அனுப்புறது?"

காளை கைகட்டிக் காத்து நின்றான்.