அழுத்தக்கூடாத லிங்க்

...அப்படியென்றால் இந்த மனிதர் யாருக்காக உட்கார்ந்திருக்கிறார், நீதிமன்றத்தின் இந்தத் தளத்தில் இன்று விசாரணையே கிடையாதே, எல்லாவற்றையும் ஸூம் காணொளிக்கு மாற்றியது மிரண்டாதானே, நடைக்கூடத்தில் கூட்டமே இல்லை என்று மீட்டிங்கில் எல்லாரும் கைதட்டினார்களே... வழக்குகளுக்கு நேரம் ஒதுக்குகிறவளுக்கு வேறென்ன பெரிய பாராட்டு கிடைத்துவிடப் போகிறது? ஆனால் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும், மடியில் பொம்மைக் கடைப் பையுமாக ஓர் ஆள்... கேட்கலாமா, கேட்டால் சட்ட ஆலோசனை சொன்னதாகிவிடுமா, வழி காட்டலாம், யோசனை சொல்லக்கூடாது, அந்தக் கோடு எங்கே என்று பயிற்சியில் சொன்னார்கள், சனியன், இப்போது பார்த்து ஞாபகம் வரவில்லை.

கேட்டேவிட்டாள் மிரண்டா. அவர் பெயர் அழகப்பன், உட்லண்ட்ஸ் பகுதிக்காரர், பிரிந்துபோன மனைவியிடம் இருக்கும் மகளை வாரக்கடைசியில் பார்க்க அனுமதி கேட்ட மனு, விசாரணை பத்து மணிக்கு. ஐயோ, பத்து தாண்டிவிட்டதே! திரையில் நீதிபதி இருப்பார், அந்தம்மா இருப்பார், இவருடைய இடத்தில் வெறும் கறுப்புக் கட்டம். ஆள் வரவில்லையென்று மனுவைத் தள்ளிவிட்டால்? "அண்ணே, உங்களுக்கு ஈமெயில் வரலையா?" "வந்துச்சும்மா, லிங்க் போட்டு. தெரியாத லிங்க்க அழுத்தாதீங்கன்னு எங்க அடுக்குமாடி புளோக் கீழ போலீஸே வந்து சொன்னாங்கல்ல? அதான் லீவு போட்டுட்டு நேரா வந்துட்டேன்." கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டதாக ஒரு சிரிப்பு வேறு. அவளுக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை... காலையில் செங்காங் வீட்டிலிருந்து கிளம்பும்போது அப்பாவிடம் இதைத்தானே கத்திவிட்டு வந்தாள், யார் பேரைச் சொன்னாலும் அழுத்தாதீங்கப்பா, கோர்ட்டுன்னு சொன்னாலும்... ஆமாம், கோர்ட்டு என்றுதான் சொன்னாள், அவள் வாயாலேயே.

"பரவால்ல அண்ணே, இப்ப அழுத்துங்க. நான் சொல்றேன்ல." அவர் போனை அவளிடமே நீட்டினார். "அழுத்துறேன்மா, உங்கள நம்புறேன். ஆனா ரெண்டு வந்துச்சு லா. எது உங்களோடது?" இரண்டா? வாங்கிப் பார்த்தாள். மாண்புமிகு என்ற ஆரம்பம், தவறாமல் கலந்துகொள்ளவும் என்ற முடிவு, அவளே உட்கார்ந்து எழுதிய வாசகம், இரண்டிலும் ஓர் எழுத்து மாறவில்லை, அனுப்புநர் பெயரும் ஒன்றேதான், இரண்டு லிங்க்கும் புரியாத எழுத்துக்கோவைதான்... எவனோ மோசடிக்காரன் அவளுடையதைப் பார்த்து எழுதியிருக்கிறான், ஆனால் இதில் எது அவனுடையது? பதிவகத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும், அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டால்? முதலாவதா? இல்லை, அப்பாவுக்கும் போன வாரம் இதே மாதிரிதான் ஒரு போலி வந்தது... "சொல்லுங்கம்மா," என்றார் அழகப்பன், பொம்மைப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு, "நீங்க அனுப்பினது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியவில்லை.