யூலிற்றாவுக்கு வந்த சீனி

மருத்துவிச்சி அமராவதி மிஸி கண்ணாடிக் குழாயைக் குப்பிவிளக்கில் பிடித்துக் காய்ச்சினா. நீல மருந்துக்குள் யூலிற்றாவின் சிறுநீர் கலந்து பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. நாசமாய்ப் போன நிறம்!

"சலத்திலை சீனி போகுது பிள்ளை. இரத்தம் சோதிச்சால்தான் நிச்சயம். அதுக்கு வவுனியாவுக்குப் போகவேணும்."

வவுனியாவாம்! சண்டையால் பாதை பூட்டு. பாஸ் கிடைக்கிறதுக்குள் பிள்ளை பிறந்து தவழவும் தொடங்கிவிடும். இன்சுலின் என்ற மருந்தை இந்தப் பக்கம் கண்ணால் கண்டவர் யார்?

"முதல் பிள்ளை?" என்று மிஸி கேட்டா.

"பெரிய பிள்ளை மிஸி. தோள் இறுகி..." செத்துப் பிறந்த அந்தக் கொழுத்த பிள்ளையைப் பார்த்து, கண்ணூறு, நாவூறு பட்டுப் போச்சு என்றுதான் நாயாற்றுச் சனம் அழுதது.

"அதுவும் இதாலதான் இருக்கும். வயிறு வாய்ச்சால் சிலருக்கு வாற வருத்தம், உன்னிலை பிழையில்லை. ஆனால் இனிச் சீனி தொடாதை, சோத்தைக் குறை. மீன், இறால் தின்."

நிவாரணத்தில் வருவது அரிசியும் மாவும் சீனியும். கடலில் இறங்கத் தடை. பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டதைத் தின்னாவிட்டால் பிள்ளைக்கு ஆகாதென்று, கொட்டிலுக்குக் கொட்டில் சனம் வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தங்கள் சீனியை இவளுக்குத்தான் கொண்டுவந்து தந்தது. பாசம், வேறென்ன! புருசன் ஸ்ரனிஸ்லஸ் சீனியை வாயில் வைத்தே எத்தனையோ மாதம்.

வீட்டுக்கு வந்தால் அவன் சிரித்த முகத்தோடு நின்றான்.

"களப்பிலை இறால் நல்லாப் பட்டது. முழுதையும் குடுத்துச் சீனி மாத்தினனான், உனக்கு!"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சீனிப் பையையும் அவள் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தான்.

"முழு இறாலையும் குடுத்திட்டனேயடி," என்றான். பிறகு குரல் இறங்கியது. "அப்ப மூத்தவன்? அவன் வயித்திலை இருக்கேக்கையும் நான்தானே உனக்குச் சீனியை அள்ளி அள்ளி வாயிலை தீத்தினனான்?"

அவன் தலையில் அடித்துக்கொண்டு குளறினான். அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வர, கொட்டிலின் மரக்கப்பைப் பிடித்தபடி நிலத்தில் சரிந்தாள்.

குளறல் கேட்டு அயல் ஓடிவந்தது. பக்கத்துக் கொட்டில் திரேசம்மா அவளை மடியில் தூக்கிப் போட்டாள்.

"ஐயோ, பெட்டை களைச்சுப் போனாள். ஆராவது கெதியாச் சீனித் தண்ணி கரையுங்கோ!"

கோப்பை வாய்க்குக் கிட்ட வந்தது. யூலிற்றா பல்லை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஒரு மிடறு குடி மோளே," என்று கெஞ்சினாள் திரேசம்மா, "வயித்திலை இருக்கிற பிள்ளைக்காகவாவது குடி."