மாறனும் பூவையும் வீடு திரும்பிய கதை

தொட்டிக்குள் மாறன் முதலில் இறங்குகிறான், பின்னாலேயே பூவை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிதான், ஆனால் தரை தட்டாமல் போய்க்கொண்டே இருக்கிறது, பச்சைத் தண்ணீர், பாசி வாசனை, அந்த வாசனை ஒரு நொடி மூக்கில் ஏறி உடனே டெட்டால் வாசனையாக மாறிவிடுகிறது, ஏனென்றால் ஷெர்லின் மொட்டைமாடியில் இல்லை, திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில், அண்ணன் கிளாட்வினின் கட்டிலருகே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, முப்பதைத் தாண்டியவள், சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கிறாள். லாரி இடித்துத் தலையில் அடிபட்ட அண்ணன் இன்னும் கண் திறக்கவில்லை, தெரிந்த குரலில் தெரிந்த எதையாவது சொல்லிக்கொண்டே இருங்கள், சில பேர் திரும்பி வருவதுண்டு என்றார் நர்ஸ், ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ, ஷெர்லின் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் தெரிந்தது என்று எதைச் சொல்வது, வளர்ந்த பிறகு அவர்கள் பேசியதெல்லாம் வீட்டு வரியும் அம்மாவின் கண் ஆபரேஷனும்தான், அதற்காக ஒருவன் உயிர் பிழைத்து வருவானா, யோசித்து யோசித்துப் பார்த்தால் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது ஆழிநாடு ஒன்றுதான். ஐந்து புத்தகங்கள், அண்ணனும் தங்கையும் தண்ணீர்த் தொட்டி வழியாகக் கடலுக்கடியில் ஒரு நாட்டுக்குப் போய்விட்டு வரும் கதை, பளபளவென்று புது அட்டை போட்டு மறுபடி வந்திருந்தது, வாங்கிவந்து முதல் பக்கத்தைப் புரட்டியபோதே அவளுக்குக் கூச்சமாகிவிட்டது, இதற்கா அப்படி அழுதோம், வரிக்கு வரி ஆச்சரியக்குறி, தன் ஜோக்குக்குத் தானே சிரிக்கும் நீர்நாய் குண்டப்பன், பிடித்துவைத்த கைதிகளிடம் தன் திட்டத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பிக்கும் கண்ணாடி ராஜா, இவன் எப்படித்தான் ராஜாவானான். கல்லூரி விடுதியில் கனமான நாவல்களோடு உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள், இப்போது உள்ளே போகமாட்டோமா என்று ஒவ்வொரு அத்தியாயமாக மோதிப் பார்க்கிறாள், வெறும் எழுத்தாகவே நிற்கிறது, எதிரே அண்ணனும் வெறும் உடம்பாகக் கிடக்கிறான். ஆனாலும் நிறுத்தவில்லை, முடிவு தெரியும் அவளுக்கு, கடைசியில் இருவரும் வீடு வந்துவிடுவார்கள், அதற்காகத்தானே இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தாள்.

காலையில் டாக்டர் அழைத்துப் பேசினார், இனிமேல் இங்கே வைத்துப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை என்றார், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவேண்டியதில்லை, ஊரில் எல்லாருக்கும் தெரியும், கிளாட்வினின் மனைவி பெனிட்டா ஷெர்லினிடம் வந்து, வீட்டுக்குக் கொண்டு போயிருவோமா ஷெர்லின், மூச்சு நம்ம வீட்ல வச்சு நிக்கட்டும் என்றாள், ஷெர்லின் ம் என்றாள். சாயங்காலம் ஆம்புலன்ஸ் வரும், அதற்குள் கடைசி அத்தியாயத்தை முடித்துவிட வேண்டும், இன்னும் ஓர் அத்தியாயம் இருக்கிறதே, ஒருவேளை இதில், ஒருவேளை இந்த வரியில், பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் குரலை உயர்த்தி வாசிக்கிறாள், ஆழிநாடு இடிகிறது, மாறனும் பூவையும் தொட்டியின் மூடியை நோக்கி நீந்துகிறார்கள், தூக்கிப் பிடித்தால்தான் திறக்கும், கீழேயிருந்து ஒருவர் தாங்கினால்தான் மற்றவர் ஏறமுடியும், மாறன் தாங்குகிறான், போ பூவை என்கிறான், பூவை வெயிலில் வந்து விழுகிறாள், மூடி மூடிக்கொள்கிறது. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள், பதிப்பகத்தின் மற்ற நூல்கள் என்று பட்டியல், திரும்பப் புரட்டினாள், ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தாளை விரலால் பிரித்துப் பார்த்தாள், அச்சில் விட்டுப்போயிருக்குமோ, இல்லை, கீழே முற்றும் என்று போட்டிருந்தது.

அப்படியென்றால் அவளுக்குத் தெரிந்த முடிவு எங்கிருந்து வந்தது, தூத்துக்குடி வீட்டில், மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்திருந்த மழைக்கால மதியத்திலிருந்து வந்தது, அவளுக்கு அப்போது எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும், அண்ணன்தான் வாசிப்பான், வரிக்கு வரி அவள் ம் கொட்டவேண்டும், கொட்டாவிட்டால் புத்தகத்தை மூடிவிடுவான், அதற்குப் பயந்தே அவள் தூக்கத்திலும் ம் கொட்டப் பழகியிருந்தாள், அன்றும் வயிறு நிறைந்து கண் சொக்கி ம், ம் என்று தூங்கிப்போனாள். எழுந்தபோது புத்தகம் மூடியிருந்தது, அண்ணன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான், கண் சிவந்திருந்தது, தூசி என்றான். என்னண்ணே ஆச்சு என்று உலுக்கினாள். வந்துட்டாங்கட்டி, ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துட்டாங்க. எப்படி வந்தாங்க. நீதான் ம் கொட்டிட்டே இருந்தியே, கேக்கலையா. எவ்வளவு கெஞ்சியும் திரும்ப வாசிக்கவில்லை, அந்த ஐந்தாவது மட்டும் வாடகை நூலகத்துப் புத்தகம், மழையோடு மழையாக ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தான். இப்போதுதான் அவளுக்கு விளங்குகிறது, மாறன் அங்கேயே நின்றுவிட்டான் என்று அண்ணன் வாசித்தபோதும் அவள் ம் என்றுதான் சொல்லியிருக்கிறாள், திரும்பி வர வழியென்று எதுவும் அந்தக் கதையில் இருந்ததே இல்லை, அண்ணன் அதைத் தனியாக அழுது முடித்துவிட்டு, அவளுக்காக ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவைத்தான்.

பூவை மேலேயிருந்து கயிறு போடலாமா, குண்டப்பன் வந்து மூடியைத் தாங்கலாமா, இத்தனை கனமான நாவல்களைப் படித்தவள் ஒரு வழியைக் கட்டப் பார்க்கிறாள், எப்படிக் கட்டினாலும் கீழே ஒருவன் மிஞ்சுகிறான், அவன் முகம் எல்லா முறையும் அண்ணனின் முகமாக இருக்கிறது. திரைக்கு அந்தப் பக்கம் சக்கரம் உருளும் சத்தம், பெனிட்டா எட்டிப் பார்த்து, வண்டி வந்துட்டு ஷெர்லின் என்றாள், இதோ மைனி என்று சொல்லிவிட்டு ஷெர்லின் புத்தகத்தை மூடினாள், மருந்து வாசனை அடிக்கும் அந்தக் காதருகே குனிந்தாள். வந்துட்டாங்கண்ணே, ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துட்டாங்க. அவன் ம் சொல்லட்டும் என்று காத்திருந்தாள், ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தது, கொஞ்சம் நகருங்கம்மா என்றார்கள், நகர்ந்து நின்றாள்.