தோல்விக்கென்று வரையப்படாத திரை

1

இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு, மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து மணி இருபது நிமிடத்திற்கு என் கணவர் தம் கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினார். அதன் மேல் ‘செவிலியரை அழைக்க’ என்று எழுதியிருந்தது. அழுத்தியவுடன் வட்டம் ஒன்று சுருங்கி, அதன் நடுவே பச்சை நிறச் சரிக்குறி எழுந்து, சற்றே துள்ளி, அமர்ந்தது. அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இருவரும் காத்திருந்தோம். பதினொன்று ஐந்து வரை எவரும் வரவில்லை. அழைப்பு செவிலியரைச் சென்றடையவே இல்லை என்பதைப் பிறகு தொலைபேசியில் தெரிந்துகொண்டேன்.

இக்கதை பிறந்தது இவ்வாறுதான். உண்மையில் இது கதையாகப் பிறக்கவில்லை. புகார்க் கடிதமாகப் பிறந்தது. ‘ஐயா’ என்று தொடங்கி, நிகழ்ந்தவற்றை நிரல்பட எழுதி, ‘இச்செயலியை வடிவமைத்தவர் மீது’ என்னும் இடத்திற்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. வடிவமைத்தவள் என் மகள்.

அக்கடிதத்தைக் கதையாக மாற்ற முயன்றுகொண்டிருக்கிறேன். முப்பத்துநான்கு ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவள் நான். பிறர் எழுதியதைத் திருத்தியே பழகிவிட்டது. சொந்தமாக எதையும் எழுதியதில்லை. ஆகவே, அடித்தவற்றையும் அடித்த காரணத்தையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

முதலாவது: ‘ஒரு நகரத்தில் வடிவமைப்பாளன் ஒருவன் இருந்தான். அவன் வேலைக்கு உட்காரும்போது —’

[அடிக்கப்பட்டது. மகளை ஆணாக மாற்றிவிட்டால் அவளை மறைத்துவிடலாம் என்று எண்ணினேன். அந்த ஆண் இரண்டாம் வாக்கியத்திலேயே, மகளைப் போலவே, பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொள்ளப் போனான்.]

இரண்டாவது: ‘அசையாத படங்களை வரிசையாகக் காட்டி, அவை அசைகின்றன என்று கண்ணை நம்பவைப்பதே அசைவூட்டம். ஆகவே அத்தொழிலின் அடிப்படையே —’

[அடிக்கப்பட்டது. ‘பொய்’ என்று முடிக்க இருந்தேன். ஒருத்தியின் இருபது ஆண்டு உழைப்பை இரண்டெழுத்தில் முடிப்பது நியாயமன்று.]

மூன்றாவதுதான் மேலே நீங்கள் படித்தது.

மகளுக்கு வயது நாற்பத்தொன்று. முதலில் குழந்தைகளுக்கான விளையாட்டுகளுக்குப் படம் வரைந்தாள். ஒரு முயல் ஓடும்போது அதன் காது எவ்வளவு பின்தங்கி ஆட வேண்டும் என்பதற்காக ஒரு மாதம் முழுவதும் முயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள். அந்த நிறுவனம் மூடப்பட்டது.

[இங்கே ஒன்பது வரிகள் இருந்தன. அதன் பிறகு அவள் வேலையின்றி இருந்த பதினான்கு மாதங்களைப் பற்றியவை. அவள் கேட்டுக்கொண்டதால் நீக்கினேன்.]

இப்போதுள்ள நிறுவனத்தில் ஆறு மாதத் தகுதிகாண் பருவத்தில் சேர்ந்தாள். மார்ச் இருபத்தெட்டாம் தேதியோடு அது முடிகிறது. வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்பதை அவளுடைய மேலாளர் அன்று முடிவு செய்வார். அவருக்கு வயது இருபத்தெட்டு. வீட்டில் அவள் அவரைப் ‘பெரியவர்’ என்றுதான் குறிப்பிடுவாள்.

மருத்துவமனை ஒன்றுக்காக இந்நிறுவனம் செய்த செயலியே மேற்சொன்னது. வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகள் அந்தந்தப் பகுதியின் செவிலியரை அழைப்பதற்கானது. பக்கவாதத்தால் பேச்சையும் வலப்பக்கத்தையும் இழந்த என் கணவருடைய கைப்பேசியில் அதை மகளே கொண்டுவந்து ஏற்றினாள். “டிக் குதிச்சு உக்காரும் பாருங்கப்பா, அது நான் வரைஞ்சது” என்றாள். அவர் அதைப் பார்ப்பதற்காகவே காரணமின்றி இரண்டு முறை செவிலியரை வரவழைத்தார்.

3

பதினொன்றாம் தேதிக்குத் திரும்புகிறேன். அன்று அவருக்குப் பொருத்தியிருந்த சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. முகம் வியர்த்தது. நான் பதறும்போதெல்லாம் பச்சைக் குறியைக் காட்டி, இடக்கையால் என்னை அமரச் சொன்னார். முக்கால் மணி நேரம் அமர்ந்திருந்தேன். என் வாழ்நாளில் ஒன்றைச் சரிபார்க்காமல் நம்பியது அந்த முக்கால் மணி நேரம்தான்.

“சிஸ்டர், பத்து இருபதுக்கே கூப்பிட்டோமே?”

“இல்லையேம்மா. எனக்கு ஒண்ணும் வரலையே. நேத்து வந்ததுதான் கடைசி.”

“பச்சைக் குறி வந்துச்சே!”

“அது உங்க போன்லதானேம்மா வந்துச்சு? என் போன்ல வரலையே.”

இருபது நிமிடத்தில் வந்து குழாயைச் சரிசெய்தார். அன்று காலை வீட்டின் இணைய இணைப்பு அறுந்திருந்தது என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார்.

மாலையில் மகள் அலுவலகத்திலிருந்து நேரே வந்தாள். நடந்ததைச் சொன்னேன். காலணியைக் கழற்றாமலே நின்றாள்.

“டிக் வந்துச்சா?” என்றாள் முதலில்.

“வந்துச்சு. அதனாலதான் கேக்கறேன். போகாத செய்திக்கு எப்படி டிக் வரும்?”

“அம்மா, அழுத்தின உடனே டிக் போட்டுடுவோம். செய்தி பின்னாடியே போகும். வட்டம் சுத்திட்டே இருந்தா ஜனங்களுக்குப் பயம் வந்துடும்மா, திரும்பத் திரும்ப அழுத்துவாங்க. எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது தடவை போயிடும்.”

“போகலைன்னா?”

“அதுவே திரும்ப முயற்சி பண்ணும். மூணு தடவை.”

“மூணு தடவையும் போகலைன்னா?”

அவள் தன் தந்தையைப் பார்த்தாள்.

“உன்னைத்தாண்டி கேக்கறேன்.”

“அதுக்கு ஸ்க்ரீன் வரையலை.”*

* விளக்கம் தேவைப்படும் வாசகருக்கு: செயலியை மருத்துவமனையினருக்குக் காட்டியபோது பன்னிரண்டு திரைகள் இருந்தன. எல்லாவற்றிலும் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. அழைப்பு போய்ச் சேராவிட்டால் என்ன தெரிய வேண்டும் என்னும் பதின்மூன்றாம் திரை ‘பிறகு’ என்று ஒத்திவைக்கப்பட்டது, பிறகு மறக்கப்பட்டது. சரிக்குறியின் துள்ளலுக்கு மட்டும் அவள் பதினொரு நாள் உழைத்திருந்தாள். அதைக் கண்டு கூட்டத்தில் கைதட்டினார்களாம். கைதட்டு வாங்கியதை எவரும் மறுமுறை திறந்து பார்ப்பதில்லை. அச்சகத்திலும் இதுவே வழக்கம்.

4

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்தாள். தந்தையின் கைப்பேசியைத் தன் மடிக்கணினியோடு இணைத்து, சாப்பாட்டு மேசையில் மூன்று மணி நேரம் அமர்ந்து வேலை செய்தாள். பிறகு வீட்டு இணையத்தை வேண்டுமென்றே துண்டித்தாள்.

“இப்ப அழுத்துங்கப்பா.”

அழுத்தினார். குறி வரவில்லை. திரை முழுவதும் சிவந்து, ‘அழைப்பு போகவில்லை. தொலைபேசியில் அழைக்கிறேன்’ என்று எழுத்து தோன்றி, கைப்பேசி தானாகவே செவிலியரின் எண்ணை அழைத்தது. இணைப்பைக் கொடுத்து மறுபடி அழுத்தச் சொன்னாள். செவிலியரின் கைப்பேசியில் சேர்ந்த பின்னரே குறி எழுந்தது.

“அப்பாவுக்குச் சரி பண்ணிட்டேன்” என்றாள்.

“மத்தவங்களுக்கு?”

“இது அப்பா போன்ல மட்டும்தான்ம்மா ஓடும். யாருக்கும் தெரியாது. மே மாசம் புது வெர்ஷன் வரும்போது சத்தமில்லாம சேத்துடுவேன்.”

“எத்தனை வீட்ல இருக்கு?”

“நாலாயிரத்து இருநூறு.”

“மே வரைக்கும் அவங்க?”

“இருபத்தெட்டாம் தேதி முடியட்டும்மா. நான் போட்டது தப்புன்னு நானே போய்ச் சொன்னா பெரியவர் என்னை வச்சுக்குவாரா? திரும்பவும் இன்டர்வியூல அந்தப் பசங்க முன்னாடி போய் உக்காந்து, ‘உங்க பலவீனம் என்ன மேடம்’னு கேப்பாங்க, நான் பல்லைக் காட்டிட்டுப் பதில் சொல்லணுமா?”

[‘நான் அவளைக் கண்டித்தேன்’ என்று இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நான் கண்டிக்கவில்லை. ‘சரி, சாப்பிட்டுப் போ’ என்றேன். அவர் பிழைத்துக்கொண்டார் என்னும் நிம்மதியில் இரண்டு நாள் நன்றாக உறங்கினேன். புகார்க் கடிதத்தை மடித்து அகராதிக்குள் வைத்தேன். இந்தப் பத்தியை எழுதாமல் கதையை முடிக்க ஏதேனும் வழியுண்டா என்று நெடுநேரம் பார்த்தேன், இல்லை.]

5

மூன்றாம் நாள், அதாவது பதினைந்தாம் தேதி, கடிதத்தை மறுபடி எடுத்தேன். நாலாயிரத்து இருநூறு என்பது எண். எண்ணைப் பற்றிக் கவலைப்படுவது கடினம். கதைக்கு ஒருவர் போதும். ஆகவே ஒருவரை உண்டாக்கினேன்.

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மூன்றாம் மாடியில், மின்தூக்கியை ஒட்டிய வீடு. நுரையீரல் பழுது, மூக்கில் ஆக்சிஜன் குழாய். மருமகள் வேலைக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் திரும்புவாள். கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதில் கண்டிப்பானவர். எனவே ஒரு முறைக்கு மேல் எவரையும் அழைக்க மாட்டார்.

[இக்குணத்தை அவருக்கு ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுத்தால் ஆளே இல்லாமல் போகிறார்.]

எழுதினேன்: ‘பிற்பகல் இரண்டு மணிக்கு அவருக்கு மூச்சு முட்டியது. பொத்தானை அழுத்தினார். சரிக்குறி துள்ளி அமர்ந்தது. அவர் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கதவையே பார்த்தபடி —’

இவ்வாக்கியத்தை நான்கு முறை முடிக்க முயன்றேன். (அ) செவிலியர் அந்தப் பக்கமாகத் தற்செயலாக வருகிறார். (ஆ) பக்கத்து வீட்டுக்காரர் இருமலைக் கேட்டுக் கதவைத் தட்டுகிறார். (இ) மருமகள் அன்று சீக்கிரம் திரும்புகிறாள். மூன்றும் எழுத்தாளர் தம் வசதிக்கு வரவழைத்த ஆட்கள். வேறொருவர் எழுதியிருந்தால் ஓரத்தில் கோடிட்டுக் கேள்விக்குறி போட்டிருப்பேன். (ஈ) என்று எழுதி, புள்ளி வைத்து, எழுந்து போய்விட்டேன்.

6

பதினாறாம் தேதி, ஞாயிறு, மதிய உணவுக்கு மகள் வந்தாள். மேசை மேலிருந்த தாள்களை, நான் தட்டு எடுக்கப் போன நேரத்தில், படிக்கத் தொடங்கியிருந்தாள்.

“என்னைப் பத்தியா எழுதற?”

“பேர் போடலையே.”

“பென்சில் போட்டிருக்கியே!”

“அது ஆம்பிளைக்குப் போட்டது. அடிச்சுட்டேன்.”

“அடிச்சதைத்தான் அப்படியே வச்சிருக்கியே, அம்மா. உன்னை மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததே இல்லை.”

ஆயினும் படித்தாள். ஒன்பது வரிகளை நீக்கச் சொன்னாள், நீக்கினேன். ‘பல்லைக் காட்டிட்டு’ என்று தான் சொல்லவே இல்லை என்றாள்; சொன்னாள், ஆகவே இருக்கிறது. ஐந்தாம் பகுதிக்கு வந்தபோது குரல் தாழ்ந்தது.

“இந்த டிரைவருக்கு என்ன ஆச்சு?”

“தெரியாது.”

“நீதானே எழுதற?”

“எழுதறது நான். பொத்தான் உன்னோடது.”

“அவர் வீட்ல சிக்னல் நல்லா இருக்குன்னு போட்டுடேன்.”

“லிஃப்ட் பக்கத்து வீடு. அங்க ஏது சிக்னல்?”

“அப்ப பால்கனில உக்கார வையி.”

“மூச்சு வாங்கறவரை யாரு தூக்கிட்டுப் போய் உக்கார வைக்கறது? நீயா?”

சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரிப்பு முடிந்ததும் மறுபடி அந்தத் தாளையே பார்த்தாள்.

“மருமகளுக்கு ஒரு போன் பண்ணலாம்ல அவரு?”

“எதுக்குப் பண்ணுவார்? டிக்தான் வந்துடுச்சே. நர்ஸ் வந்துட்டிருக்காங்கன்னு நிம்மதியா உக்காந்திருக்கார்.”

கட்டிலில் சாய்ந்திருந்த என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இடக்கையால் தலையணைக்கு அருகிலிருந்த கைப்பேசியைத் துழாவி எடுத்து, மகளை நோக்கி நீட்டினார்.

“என்னப்பா? சார்ஜ் போடணுமா?” வாங்கிப் பார்த்தாள். “எண்பது இருக்கே.”

திருப்பிக் கொடுத்தாள். அவர் வாங்கவில்லை. அவள் மடியில் வைத்து, அவள் கையின் மேல் தம் கையை அழுத்தி வைத்துக்கொண்டார்.

[அவர் என்ன கருதினார் என்பதை எழுத மாட்டேன். பேச முடியாதவருடைய கருத்தைத் தம் விருப்பப்படி எழுதிக்கொள்ளும் எழுத்தாளர்களின் மெய்ப்புகளை நிறையத் திருத்தியிருக்கிறேன்.]

“இருபத்தெட்டு வரைக்கும்தானேம்மா கேட்டேன்,” என்றாள் மகள். “பன்னிரண்டு நாள்.” என்னிடம் கேட்டது போலிருந்தாலும் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. சாப்பிடாமலே கிளம்பினாள்.

7

முடிவான செய்திகளை மட்டும் இங்கே பதிகிறேன்.

பதினேழாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு மகள் தன் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். மருத்துவமனையின் தலைமைச் செவிலியருக்கும் அதன் படியை அனுப்பினாள். ஐந்து வாக்கியங்கள். முதலாவது: ‘அழைப்பு போகாதபோதும் போய்விட்டதாகக் காட்டும் அசைவூட்டத்தை வரைந்தவள் நான்.’ தந்தையின் கைப்பேசியில் மட்டும் அதை மாற்றியதையும் நான்காம் வாக்கியத்தில் எழுதியிருந்தாள். எனக்கு அதைக் காட்டியது அனுப்பிய பிறகே. நான் எதையும் திருத்தவில்லை.

“இதை மெயில்ல போடாம நேர்ல சொல்லியிருக்கலாமே” என்றாராம் பெரியவர். வேறெதுவும் சொல்லவில்லையாம்.

அன்று பிற்பகலே தலைமைச் செவிலியர் எல்லா வீடுகளுக்கும் குறுஞ்செய்தி அனுப்பச் செய்தார்: பொத்தானை அழுத்தி மூன்று நிமிடத்திற்குள் செவிலியர் பேசாவிட்டால், பச்சைக் குறியை நம்பாமல் தொலைபேசியில் அழைக்கவும். பதினெட்டாம் தேதி மாலை ஆறு மணிக்குச் சரிக்குறி செயலியிலிருந்து நீக்கப்பட்டது. இப்போது ஒரு சாம்பல் நிற வட்டம் சுற்றுகிறது; செவிலியரின் கைப்பேசி ஏற்ற பிறகே நிற்கிறது. பதின்மூன்றாம் திரையை ஒரு வாரத்திற்குள் வரைந்து தரும்படி மகளிடமே கூறியிருக்கிறார்கள்.

புகார்க் கடிதம் அனுப்பப்படவில்லை.

இதை எழுதுவது இருபதாம் தேதி. இருபத்தெட்டுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அவளை வைத்துக்கொள்வார்களா என்பது எங்கள் மூவரில் எவருக்கும் தெரியாது. தெரிந்த பிறகு இக்கதையைத் திறக்க மாட்டேன் என்று அவளுக்கு வாக்களித்திருக்கிறேன். ஆகவே இன்றே மூடுகிறேன்.

ஐந்தாம் பகுதியின் வாக்கியம் முடிக்கப்படாமலே இருக்கிறது. மூன்றாம் மாடியில் அந்த ஓட்டுநர் பொத்தானை அழுத்தியது பிற்பகல் இரண்டு மணிக்கு என்று எழுதியிருக்கிறேன். எந்தத் தேதியில் என்று எழுதவில்லை. பதினேழாம் தேதிக்குப் பிறகு என்று நீங்கள் கொண்டால், அவருக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கும். அதற்கு முன்பு என்று கொண்டால், மீதி வாக்கியத்தை நீங்கள்தான் எழுத வேண்டும், என்னால் இயலவில்லை.